ஸ்பைடர் பால் பைத்தானுக்கு தலை ஆடுது, ஜோடி சேர்க்கலாமா? ப்ளீஸ் உதவுங்க

எல்லாருக்கும் வணக்கம், நான் இங்கிலாந்துல இருக்கேன், ரெண்டு வருஷமா ஒரு ஸ்பைடர் மார்ஃப் பால் பைத்தான் (ஒரு மலைப்பாம்பு இனம், ஸ்பைடர்ங்கறது அதுல தோல் டிசைனுக்காக வளர்க்குற ஒரு வகை) வளர்க்குறேன், ஆண். வாங்குறப்போ வித்தவர் "லேசா தலை ஆடும், வேற ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னாரு, நானும் நம்பிட்டேன். இப்போ எலி வச்சா குறி தப்பி பக்கத்துல போய் கடிக்குது, சில நேரம் தலைகீழா புரண்டுட்டு நிமிரவே கஷ்டப்படுது, பார்க்கவே மனசு தாங்கல.

தேடிப் படிச்சதுல தெரிஞ்சது, அந்த அழகான டிசைனை கொடுக்குற ஜீனும் இந்த ஆட்டமும் ஒட்டியே வருது, உள்காதுல பேலன்ஸ் பார்க்குற பகுதியே சரியா உருவாகறதில்லயாம். கொஞ்சமா ஆடுற பாம்போட குட்டிக்கு ரொம்ப மோசமா வரலாம், அதனால "நல்லதா பார்த்து ஜோடி சேர்த்தா சரியாகிடும்"ங்கறது சும்மா பேச்சு. சாதா பாம்போட சேர்த்தாலும் சராசரியா பாதி குட்டி ஸ்பைடர்தான். 2018லயே இங்க இன்டர்நேஷனல் ஹெர்ப்பட்டலாஜிகல் சொசைட்டி (பாம்பு, பல்லி மாதிரி ஊர்வன ஆர்வலர்களோட சங்கம்) தன்னோட ஷோக்கள்ல ஸ்பைடர் விக்கக்கூடாதுன்னு சொல்லிருச்சு.

இப்போ ஒரு ஃப்ரெண்ட் அவங்க பெண் பாம்போட சேர்க்க கேக்குறாங்க. எனக்கு துளியும் இஷ்டமில்ல, ஆனா அவங்க மனசு நோகாம எப்படி சொல்றதுன்னு தெரியல. இதே மாதிரி பாம்பு வச்சிருக்கவங்க, சாப்பாடு எப்படி கொடுக்குறீங்க? இடுக்கியில பிடிச்சு கொடுக்கலாமா, இல்ல செத்த எலிய அப்படியே வச்சிட்டு நகர்ந்துடணுமா? கூண்டுல உயரமான கிளையை எடுத்துட்டேன், சரிதானே? எப்போ டாக்டர்கிட்ட கொண்டு போகணும்னும் சொல்லுங்க.