உதவி: முரகாமி பூ அச்சு சட்டத்து அக்ரிலிக்கில் ஒட்டிக்கொண்டது, பிரிக்கலாமா?

நிஷிகசாய் மலர்:

வணக்கம். டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் குடியிருக்கிறேன். மார்ச் மாதம் நகானோ பிராட்வேயில் ஒரு சின்னக் கடையில் ஜப்பானிய ஓவியர் தகாஷி முரகாமியின் சிரிக்கும் பூக்கள் அச்சு ஒன்று வாங்கினேன். 50 செ.மீ. சதுரம், மேலே பளபளவென்று வார்னிஷ். பிரதி எண்ணும் இல்லை, கையெழுத்தும் இல்லை. மறுபதிப்பு என்று தெரிந்தேதான் வாங்கினேன்.

சட்டம் தனியாக வாங்கி நானே போட்டேன். அச்சுக்கு மேல் நேராக அக்ரிலிக், பின்னால் அட்டை, கொக்கியை அழுத்தி மூடிவிட்டேன். ஜன்னலை ஒட்டிய சுவரில் மாட்டினேன். ஜூன், ஜூலை ட்சுயு மழை முடிந்து ஒருநாள் துடைக்கப் போனால், வலது மேல் மூலையில் ஒரு பூவின் கன்னத்தில் எண்ணெய் பட்டதுபோல ஈரமாகத் தெரிகிறது. 500 யென் நாணயம் அளவு இருக்கும். பக்கத்தில் சின்னதாக இன்னும் இரண்டு. பூஞ்சையா? ஒட்டிக்கொண்டதா? இழுத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. அலுவலகத்தில் ஒருவர் லென்ஸ் வைத்துப் பார்த்து, "புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, வெறும் நகல், இதற்கு ஏன் இவ்வளவு கவலை" என்றார். அதிலிருந்து மனசே சரியில்லை.

கவாசாகிவாசி:

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இழுக்காதீர்கள். ஹேர் டிரையர் வைக்கவே வைக்காதீர்கள். சூட்டில் வார்னிஷ் இளகி இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

பூஞ்சை என்றால் பொடிபோலவோ பஞ்சுபோலவோ இருக்கும். நீங்கள் சொல்வது அப்படி இல்லை. வழவழப்பான இரண்டு பரப்புகள் நடுவில் காற்றில்லாமல் நெருங்கினால் இப்படித்தான் ஈரம்போலத் தெரியும். சில சமயம் ஓரத்தில் வானவில் வளையமும் வரும். வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கிறதா, உண்மையிலேயே ஒட்டிவிட்டதா என்பதுதான் இப்போது கேள்வி. சட்டத்தை இறக்கிப் படுக்க வையுங்கள். திட்டின் ஓரத்தில் அக்ரிலிக்கை விரல் நுனியால் லேசாக அழுத்தி விடுங்கள். திட்டு நகர்ந்தாலோ வடிவம் மாறினாலோ தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது, பயமில்லை. அசையாமல் அப்படியே நின்றால் ஒட்டியிருக்கிறது. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சிவகாசி அச்சகம்:

தங்கச்சி, அந்தப் புள்ளி விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். முப்பது வருஷமாக ஆஃப்செட் மெஷின் பக்கத்தில் நிற்கிறவன் நான்.

புள்ளி தெரிந்தால் ஆஃப்செட் என்றுதான் அர்த்தம், போலி என்று அர்த்தமில்லை. முரகாமியின் கைகை கிகி நிறுவனமே 300 பிரதி என்று எண் போட்டு, அவர் கையெழுத்தோடு விற்கிற பூ அச்சுகளில் பெரும்பாலானவை ஆஃப்செட்தான். அதையும் லென்ஸில் வைத்தால் நாலு கலர் புள்ளி ரோஜாப்பூ மாதிரி வட்டம் கட்டி நிற்கும். அதற்கு மேல் ஃபாயிலும் (மினுங்கும் உலோகப் படலம்) வார்னிஷும் ஏற்றுவார்கள். ஆக, உங்கள் நண்பர் அந்த 300இல் ஒன்றைப் பார்த்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்.

பார்க்க வேண்டியது புள்ளி எப்படி இருக்கிறது என்பதை. வரிசை பிசகாமல் இருந்தால் சரி. அச்சடித்த படத்தையே ஸ்கேன் செய்து மறுபடி அடித்தால் புள்ளிக்குள் புள்ளி விழுந்து, தண்ணீரில் அலை ஓடுவதுபோலக் கோடு தெரியும். வரிசையே இல்லாமல் தூவிவிட்டதுபோல இருந்தால் இங்க்ஜெட். வெள்ளிப் பகுதி இருந்தால் சாய்த்துப் பாருங்கள். ஃபாயில் என்றால் வெளிச்சத்தோடு மினுங்கும். வெறும் சாம்பல் நிறம் எந்தப் பக்கம் சாய்த்தாலும் சாம்பல்தான்.

கவாசாகிவாசி:

அச்சக அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு ஜப்பானிய ஓவியர் யாயோய் குசாமாவின் விஷயம் வேறு. அவர் எண் போட்டு வெளியிட்ட அச்சுகளில் பெரும்பாலானவை ஸ்கிரீன் பிரிண்டும் கல்லச்சும்தான். மை திட்டாக, முழுசாக உட்கார்ந்திருக்கும். ஐந்து வருஷம் முன் இணைய ஏலத்தில் அவருடைய மஞ்சள் பூசணி அச்சு என்று ஒன்றை எடுத்தேன். கீழே பென்சிலில் எண், கையெழுத்து எல்லாம் இருந்தது. வீட்டில் லென்ஸை வைத்தால் அந்தப் பென்சில் கோட்டுக்குள்ளேயே நாலு கலர் புள்ளி! கையெழுத்தையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள். பென்சில் என்றால் கிராஃபைட் மினுங்க வேண்டும், காகிதத்தில் லேசாகப் பள்ளம் விழுந்திருக்க வேண்டும். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. விற்றவரிடம் பேசிப் பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

எண் போட்டது என்று சொல்லாமல், போஸ்டர் என்றே விற்பதில் இந்த ஏமாற்று இல்லை. நான் சேர்ப்பதில் முக்கால்வாசி ஓவியர் யோஷிதோமோ நாராவின் கண்காட்சி போஸ்டர்கள்தான். அவருடைய 'நைஃப் பிஹைண்ட் பேக்' ஓவியம் 2019இல் ஹாங்காங் ஏலத்தில் 19.5 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் போனது. நம் வீட்டுச் சுவருக்கு அது வருமா? அவர் ஊர்ப்பக்கம் அஓமோரி கலை அருங்காட்சியகத்தில் அவர் செய்த 8.5 மீட்டர் உயர வெள்ளை நாய்ச் சிலை நிற்கிறது. அதைப் போய்ப் பார்த்துவிட்டு அங்கேயே வாங்கிய போஸ்டரைத்தான் தினமும் காலையில் காபி குடிக்கும்போது பார்க்கிறேன். அதற்குப் போட்ட சட்டம் போஸ்டரைவிட நாலு மடங்கு விலை. ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

நிஷிகசாய் மலர்:

இரண்டு பேருக்கும் நன்றி அண்ணா. புள்ளி வரிசையாக, வட்டம் வட்டமாகத்தான் இருக்கிறது. அலை இல்லை. மனசு லேசானது.

அழுத்திப் பார்த்தேன். சின்னத் திட்டுகள் இரண்டும் நகர்கின்றன. கன்னத்தில் இருக்கும் பெரியது அசையவில்லை.

கவாசாகிவாசி:

சரி, பெரியது ஒட்டியிருக்கிறது. பின்னட்டையைக் கழற்றுங்கள். அச்சை அக்ரிலிக்கோடு சேர்த்தே, அக்ரிலிக் கீழே இருக்கும்படி மேஜையில் படுக்க வையுங்கள். அறையில் ஏசியை டிரை மோடில் போட்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள். காகிதம் ஈரத்தை விடும்போது ஓரத்திலிருந்து தானாகவே எழும்ப வாய்ப்பு உண்டு. எழும்பாவிட்டால் கத்தி, நூல் என்று எதையும் நுழைக்காமல் காகிதப் பழுது பார்ப்பவரிடம் அப்படியே கொண்டுபோங்கள். ஷூஃபுகு (ஜப்பானிய மொழியில் பழுது பார்த்தல்) என்று கேட்டால் சட்டக் கடைக்காரர்களே வழி சொல்வார்கள்.

சிவகாசி அச்சகம்:

மாட்டின இடத்தையும் மாற்றுங்கள் தங்கச்சி. வெளிச்சுவர் குளிரும், சட்டத்துக்குப் பின்னால் ஈரம் கட்டும். ஜன்னல் வெளிச்சம் அதைவிட மோசம். நாலு கலர் மையில் மஞ்சளும் மஜந்தாவும்தான் வெயிலில் முதலில் போகும். டீக்கடையில் பழைய சாமி காலண்டர் பார்த்திருப்பீர்கள், முகமெல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கும். நாங்கள் அடித்தபோது அப்படி இல்லை. அந்தப் பூக்களில் பாதி மஞ்சளும் ரோஸும்தானே?

நிஷிகசாய் மலர்:

நாலு நாள் கழித்து எழுதுகிறேன். சின்னத் திட்டுகள் அன்று மாலையே போய்விட்டன. பெரியது மூன்றாம் நாள் காலையில் ஒரு ஓரம் எழும்பியிருந்தது. தொடவில்லை. இன்று அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தால் முழுவதும் விட்டிருக்கிறது! கன்னத்தில் கடுகளவு இடத்தில் வார்னிஷ் மங்கியிருக்கிறது. விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது. நிறம் போகவில்லை.

முரகாமி ஓவியப் பயிற்சிப் பள்ளியில் பல வருஷம் பிள்ளைகளுக்குப் பூ வரையக் கற்றுக்கொடுத்தவர் என்று எங்கோ படித்ததிலிருந்துதான் இந்தப் பூக்கள் மேல் எனக்குப் பிரியம். நிஹோங்கா என்ற ஜப்பானிய மரபு ஓவியத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர் 2000இல் சூப்பர்ஃபிளாட் என்று பேர் வைத்து, தட்டையாக இருப்பதையே தன் கலை என்று சொன்னார். தட்டையான காகிதத்தில் அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

இனி இடைவெளி விட்டுச் சட்டம் போட வேண்டும். படத்தைச் சுற்றி மேலே வைக்கும் மவுண்ட் அட்டை போட்டால் போதுமா? படம் காகிதத்தின் ஓரம்வரை ஓடுகிறது, அட்டை வைத்தால் ஓரத்துப் பூக்கள் மறையும்.

கவாசாகிவாசி:

அப்படியென்றால் அட்டை வேண்டாம். சட்டத்தின் உள்விளிம்பில் 3 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளிப் பட்டை) வைக்கச் சொல்லுங்கள். வெளியே தெரியாது, அக்ரிலிக்கும் தொடாது. பின்னால் அமிலமில்லாத அட்டை. அச்சை அதில் டேப் போட்டோ பசை தடவியோ முழுசாக ஒட்டக் கூடாது. மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் வாஷி என்ற ஜப்பானியக் காகிதத்தில் கீல், மாவுப் பசையில். கீழ்ப்பக்கம் சும்மா தொங்கட்டும். அடுத்த ட்சுயுவில் காகிதம் விரிய இடம் வேண்டும்.

அக்ரிலிக் வாங்கும்போது புற ஊதாக் கதிர் தடுப்பது என்று கேட்டு வாங்குங்கள். பழையதை மறுபடி போடாதீர்கள். ஒட்டியிருந்த இடத்தில் வார்னிஷ் படிந்திருக்கும்.

நிஷிகசாய் மலர்:

ஆமாம் அண்ணா, வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடத்தில் கடுகளவு தெரிகிறது. சனிக்கிழமை சட்டக் கடைக்குப் போகிறேன். ஜன்னலுக்கு எதிரே வெயில் படாத உள்சுவரில் ஆணி அடித்தாகிவிட்டது.