பேலியோவில் இருப்பவருக்குக் கருப்பட்டிக் காப்பிக்கு மாற்று உண்டா?

குழித்துறை பால்வெட்டுக்காரன்:
எனக்கு 54 வயது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிப்ரைடும் சாப்பிடுகிறேன். இரண்டு வாரமாகச் சோறு, மரச்சீனிக் கிழங்கு, ஏத்தன்பழம் ஆகியவற்றை நிறுத்திவிட்டு, மீனும் முட்டையும் கீரையும் தேங்காயுமாக, தானியத்தையும் சீனியையும் தவிர்க்கும் பேலியோ உணவு முறையில் சாப்பிட்டு வருகிறேன். சோற்றை விடுவதுகூடக் கடினமாக இல்லை. விடியுமுன் ரப்பர் தோட்டத்துக்குக் கிளம்பும்போது குடிக்கும் கருப்பட்டிக் காப்பியைத்தான் விட முடியவில்லை. கருப்பட்டி இயற்கையானது, அது ஒன்றும் செய்யாது என்கிறார்கள் வீட்டில். மகளோ கடையிலிருந்து ஸ்டீவியா பொடி ஒரு டப்பாவும், சர்க்கரை சேர்க்காத பிஸ்கட்டும் வாங்கி வந்திருக்கிறாள். இவற்றில் எதை நம்பலாம்?

தக்கலை மருந்தாளுநர்:
ஐயா, கருப்பட்டியை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அக்கானியை (பதநீரை) காய்ச்சி இறக்கிய கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். வெள்ளைச் சீனியில் இருப்பதும் அதுவே. அதிலுள்ள தாதுச்சத்துக்காக அதைச் சாப்பிடுவதை விட, உங்கள் தட்டில் ஏற்கெனவே இருக்கும் கீரையும் மீனும் அதிகம் தரும். தேனுக்கும் இதே கதிதான்.

ஸ்டீவியா இலையின் இனிப்புச் சாறு சீனியை விட 200 முதல் 300 மடங்கு இனிப்பானது என்பதால், ஒரு கோப்பைக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவே போதும். அவ்வளவு சிறிய அளவைக் கரண்டியால் அள்ள முடியாது என்பதற்காக, உற்பத்தியாளர்கள் ஏதாவதொரு பொடியைக் கலந்து பருமனாக்குகிறார்கள். அந்தப் பொடி எரித்ரிட்டால் (சீனிக்குப் பதிலாகப் பயன்படும் ஒரு மாற்று இனிப்பு) என்றால் இரத்தச் சர்க்கரையைப் பற்றிய கவலையில்லை. மால்டோடெக்ஸ்ட்ரின் அல்லது டெக்ஸ்ட்ரோஸ் என்றால், இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றும் பொருளையே கரண்டிக் கணக்கில் போட்டுக்கொள்கிறீர்கள். எனவே டப்பாவின் முன்பக்க இலைப் படத்தைப் பார்க்காமல், பின்பக்கச் சிறிய எழுத்தைப் படியுங்கள். பிஸ்கட்டைத் தவிர்ப்பதே நல்லது. சீனி இல்லாவிட்டாலும் அதில் மாவு இருக்கிறது. பெரும்பாலும் சேர்க்கப்படும் மால்டிட்டால் என்ற மாற்று இனிப்பும் சீனியை விடக் குறைவாக என்றாலும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தவே செய்யும்.

குளச்சல் சமையலறை:
அண்ணாச்சி, சமைத்துப் பார்த்த அனுபவத்தைச் சொல்கிறேன். எரித்ரிட்டால் போட்டுத் தேங்காய்ப்பால் பாயசம் வைத்தேன். சூடாக இருக்கும்வரை குறையே தெரியவில்லை, ஆறியதும் அடியில் மணல்போலப் படிந்து பல்லில் நறநறத்தது. சீனியின் இனிப்பில் அது முக்கால் பங்குகூட வராது. அதற்காக அள்ளிப் போட்டால் சிலருக்கு வயிறு உப்பிவிடும். ஸ்டீவியாவோ ஒரு சிட்டிகை கூடினாலும், அதிமதுரத்தைக் கடித்ததுபோன்ற கசப்பு நாக்கின் பின்பக்கத்தில் நின்றுவிடுகிறது. வெறும் காப்பியில் அந்தக் கசப்பு மறையாது. சுக்கும் மிளகும் தட்டிப்போட்டு, ஒரு ஏலக்காயும் நசுக்கிச் சேர்த்தால் காரத்தில் அது அடங்கிவிடும். கருப்பட்டி மணம் வராது என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

நாகர்கோவில் செவிலியர்:
இனிப்பைப் பற்றிய கேள்விக்கிடையே முக்கியமான ஒன்று கவனிக்கப்படாமல் போய்விட்டது. கிளிமிப்ரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. சோற்றை நிறுத்திவிட்டு அதே அளவு மாத்திரையோடு விடியற்காலையில் மரம் மரமாக நடந்து பால் வெட்டினால் சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்புண்டு. மருத்துவரிடம் உணவு மாற்றத்தைச் சொல்லி மாத்திரை அளவைக் கேட்டீர்களா? கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டல் வந்தால் ஸ்டீவியா காப்பி எந்த உதவியும் செய்யாது. அப்போது குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும்.

மற்றபடி, உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாக ஸ்டீவியா போன்ற மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் கூறியது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது; அதைப் பலர் விட்டுவிட்டுப் பரப்புகிறார்கள்.

குழித்துறை பால்வெட்டுக்காரன்:
அனைவருக்கும் நன்றி. டப்பாவைக் கண்ணாடி போட்டுத் திருப்பிப் பார்த்தேன். முதல் பெயரே மால்டோடெக்ஸ்ட்ரின்தான், ஸ்டீவியா கடைசியில் இருக்கிறது. மகளிடம் சொல்லித் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். போன வாரம் இரண்டு நாள், பாதி வரிசை வெட்டி முடிக்குமுன் கை நடுங்கியதைக் குளிர் என்று நினைத்திருந்தேன். மருத்துவரிடம் நாளைக்கே போகிறேன். அதுவரை குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று பால்வாளியோடு வரும்.