ஆன்லைன் நர்சிங் வகுப்பு: ஆசிரியரிடம் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ட்யூட்டர்_மதுரை: ஆன்லைன் வகுப்புக்கு ஆள் எடுக்கும்போது ஜூம் தெரியுமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதை நாலு நாளில் பழகிவிடலாம். மாணவியின் கை எங்கே பிசகும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் முதல் தகுதி.

வார்டு_இன்சார்ஜ்: தெரிந்து என்ன மேடம், எட்டிப் பிடித்துத் திருத்த முடியுமா? பி.பி. பார்ப்பதையே எடுங்கள். நேரில் என்றால் இரட்டைக் காதுக்குழாய் உள்ள ஸ்டெதஸ்கோப் போட்டு மாணவி கேட்பதை நாமும் கேட்கலாம். வீட்டிலிருந்து "120/80" என்றால் நம்புவதைத் தவிர வழியில்லை.

ட்யூட்டர்_மதுரை: வழி இருக்கிறது. பி.பி. கருவியின் டயலை கேமரா பக்கம் திருப்பச் சொல்லுங்கள், மாணவி கண்ணில் படக்கூடாது. காற்றை ஏற்றும்போது மணிக்கட்டு நாடி மறைந்ததும் அவள் சொல்ல வேண்டும். காற்றை முழுக்க இறக்கி, சிறிது பொறுத்து, நாடி மறைந்த அளவுக்கு மேல் 30 மி.மீ. வரை ஏற்றச் சொல்கிறோம். பிறகு வினாடிக்கு 2–3 மி.மீ. வீதம் இறக்க வேண்டும். ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் தொடங்கினால் "இப்போ", நின்றால் "போச்சு". எண்ணைக் குறிப்பது நாம். டயல் தெரிந்தால் முள் துடிப்பதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். முள்ளோ சத்தத்துக்கு முன்பே துடிக்கும், மேல் அழுத்தம் கூடுதலாகப் பதிவாகும்.

வார்டு_இன்சார்ஜ்: நல்ல முறைதான். நெட் இழுத்தால்? படம் உறைந்து குரல் மட்டும் வந்தால் நீங்கள் குறிக்கும் எண்ணே தப்பு.

சமுதாய_நர்சிங்: அப்படிப்பட்ட ஊர்களில் நேரலையே வேண்டாம் சார். போனில் பதிவு செய்து அனுப்பட்டும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு "குட்" என்று மட்டும் பதில் போடுகிறவர் ஆசிரியரே இல்லை. "42-வது வினாடியில் பாருங்கள், கஃப் (கையில் சுற்றும் பட்டை) முழங்கை மடிப்பைத் தொடுகிறது, 2–3 செ.மீ. மேலே கட்டுங்கள்" என்று எழுத வேண்டும். அதுவும் மாணவி அடுத்த முறை செய்து பார்ப்பதற்குள் போய்ச் சேர வேண்டும்.

வார்டு_இன்சார்ஜ்: பி.பி.யை விடுங்கள், சி.பி.ஆருக்கு, அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திக் கொடுக்கும் முதலுதவிக்கு வாருங்கள். பெரியவர்களுக்கு நெஞ்சை 5–6 செ.மீ. அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100–120 முறை. வேகத்தை கேமராவில் எண்ணலாம். தலையணையில் அழுத்தினால் ஆழம் எப்படித் தெரியும்? ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக எழும்புகிறதா என்றும் தெரியாது. மாணவி களைத்துப்போய் நெஞ்சின் மேல் சாய்ந்தபடியே அழுத்தினால் இதயத்துக்கு ரத்தம் திரும்புவது குறைந்துவிடும். உயிர் போகிற விஷயம் இது.

ட்யூட்டர்_மதுரை: அதில் எனக்கு மறுப்பே இல்லை. பக்கவாட்டில் கேமரா வைத்தால் முழங்கை மடிகிறதா, தோள் நேராக இருக்கிறதா என்று பார்க்கலாம். அவ்வளவுதான். மதிப்பெண் தாளில் ஆழம், எழும்பல் இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டு, நேர்முக வகுப்பில் மேனிக்கின் (பயிற்சி பொம்மை) மேல் செய்து காட்டிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

வார்டு_இன்சார்ஜ்: அந்தக் கையெழுத்தைத்தான் நானும் சொல்கிறேன். மதிப்பெண் தாளை உடனே அனுப்பு என்று நிர்வாகம் நெருக்கும்போது, அந்த இரண்டு கட்டத்தைக் காலியாகவே அனுப்புகிற ஆசிரியர் எத்தனை பேர் மேடம்? ஆள் எடுக்கும்போது இதைக் கேளுங்கள்.