பியர்டட் டிராகன் கூண்டுக்குத் தரை: காயர் பித்தா, பார்க்கிங் டைல்ஸா, எம்-சாண்டா?

பல்லடத்து_ஒடக்கான்:

வணக்கமுங்க. நம்ம வீட்டுல வளர்ற பியர்டட் டிராகன், அதாவது தாடி ஓணான், 4 மாதக் குட்டி, மூக்கிலிருந்து வால் நுனி வரை 28 செ.மீ. கூண்டு 18 மி.மீ. பிளைவுட், வெளியளவு 4 அடிக்கு 2 அடி, உயரம் 2 அடி. லைட்டுக்கு நேர் கீழே 41 டிகிரி, எதிர் மூலையில் 27. யுவிபி (புற ஊதாக் கதிர்) டியூப் இருக்குது. தரையில் இப்போதைக்கு பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட் துணி விரிச்சிருக்குது, அதை மாத்தோணும். சுலபமா கிடைக்கிறது மூணு: பொள்ளாச்சி காயர் பித் (தேங்காய் நார்த்தூள்) 5 கிலோ கட்டி, வீடு கட்டினதுல மிச்சமான பார்க்கிங் டைல்ஸ், எம்-சாண்ட். குட்டிக்கு எது ஆபத்தில்லாதது? சாப்பாடு சில்வண்டு, மீல்வார்ம் புழு, முருங்கைக்கீரை.

நொய்யல்கரை:

முதல்ல அந்தத் துணியை இன்னைக்கே எடுத்துடுங்க. பனியன் துணியை வெட்டின ஓரத்துல நூல் பிரியும். அந்த நூல் விரல்ல சுத்தி இறுகினா ரத்த ஓட்டம் நின்னு விரல் கறுத்து விழுந்துடும். நகம் மாட்டி இழுத்தா நகமே பிடுங்கிக்கும். கடையில விக்கிற ரெப்டைல் கார்ப்பெட்டுக்கும் இதே குறை உண்டு. டைல்ஸ் வர்ற வரைக்கும் நாளிதழ் நாலு தாள் போதும், தினமும் மாத்துங்க.

நீங்க சொன்ன மூணுல எம்-சாண்டை மறந்துடுங்க. அது ஜல்லிக்கல்லை உடைச்ச பொடி. ஆத்து மணல் மாதிரி உருண்டையா இருக்காது, துகளுக்குத் துகள் முனை இருக்கும், கூடவே கல் மாவு. உள்ளே போனா செரிக்காது, கண்ணுல விழுந்தா உறுத்திப் புண்ணாக்கும்.

காயர் பித் செடிக்கு நல்லது, இதுக்கு இல்லைங்க. 5 கிலோ கட்டி தண்ணி குடிச்சா 70 லிட்டருக்கு மேல ஊதும். எதுக்காக விக்கிறாங்களோ அதேதான் இங்கே வினை: ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். பியர்டட் டிராகன் ஆஸ்திரேலியாவோட உள்நாட்டு வறண்ட நிலத்துப் பிராணி. கூண்டுல ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் போதும். தென்மேற்குப் பருவக் காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா ஈரத்தோட வர்ற மாசங்கள்ல பித்தும் சேர்ந்தா பூஞ்சை, மூச்சுத் தொந்தரவு. காய வெச்சுப் போட்டா தூசு பறக்கும். அலசாத பித்துல உப்பும் இருக்கும்.

குட்டிக்கு மட்டும் இவ்வளவு கண்டிப்பு ஏன்னா, சில்வண்டைப் பாத்தா நாக்கை நீட்டிப் பாயும்போது தரையில இருக்கிறதும் சேர்ந்தே வாய்க்குள்ள போகும். குடலும் குறுகல். வெறும் மண் மட்டுமே குடலை அடைக்கிறதில்லை. சூடு பத்தாமை, தண்ணிக் குறைவு, கால்சியம் இல்லாம குடல் தசை மந்தமாறது, இதெல்லாம் கூடினா அடைப்பு வரும்.

மிச்சம் டைல்ஸ்தான். ஆனா பார்க்கிங் டைல்ஸ்ல பூ டிசைன் பள்ளம் ஆழமா இருக்கும். வெள்ளையா கெட்டியா போற மூத்திரம் (யூரேட்) அதுல காய்ஞ்சு ஒட்டினா பிரஷ்ஷு தேயும், அது போகாது. மேட் ஃபினிஷ் விட்ரிஃபைடு 2க்கு 2 அடி ரெண்டு வாங்குங்க. பளபளப்பா இருக்கிறதுல குட்டிக்குக் கால் விரிஞ்சு வழுக்கும். இடுப்பு மூட்டு வளர்ற வயசு.

அளவு கவனம்: உங்க பெட்டி வெளியே 1219 மி.மீ., ரெண்டு பக்கமும் 18 போனா உள்ளே 1183. ரெண்டு 600 டைல்ஸ் உக்காராது. ஒவ்வொண்ணையும் 590க்கு வெட்டச் சொல்லுங்க, 3 மி.மீ. இடைவெளி மிஞ்சும். முன்பின் அளவையும் உள்ளேயே டேப் வெச்சு எடுங்க. வெட்டின முனையை எமரித்தாள்ல தேய்ச்சு, அந்தப் பக்கத்தைச் சுவர் ஓரமா வைங்க. அடியில நாளிதழ் ரெண்டு அடுக்கு. சிமெண்ட் வேண்டாம், பின்னால தூக்கிக் கழுவ முடியாது. சந்துல சில்வண்டு பதுங்காம இருக்க மீன்தொட்டி சிலிக்கான் மெல்லிசா இழுங்க. புளிச்ச வாடை போகிற வரைக்கும் ரெண்டு நாள் குட்டியை உள்ளே விடக்கூடாது.

செம்மண்_புழுதி:

குட்டிக்கு மேலே சொன்னது சரி. ஆனா ஆயுசு முழுக்க டைல்ஸ் மேலேயே விடறதுல எனக்கு ஒப்புதல் இல்லைங்க. இது தோண்டுற சாதி. ஒரு வயசு தாண்டி, 40 செ.மீ.க்கு மேல வளந்து, கழிவைப் பரிசோதிச்சதுல புழு, காக்சிடியாங்கிற குடல் ஒட்டுண்ணி இல்லைன்னு தெரிஞ்ச பின்னாடி, இறுக்கின மண்தரை போடலாம். நகமும் தானே தேயும்.

கலவை: செம்மண் 2 பங்கு, நல்லா அலசின ஆத்து மணல் 1 பங்கு. உங்க பெட்டிக்கு 5 செ.மீ. கனத்துக்கு ஏறக்குறைய 35 லிட்டர். எடை 50 கிலோவைத் தாண்டும், 10 செ.மீ. போட்டா 100 கிலோ. ஸ்டாண்டைப் பாத்துக்கோங்க. கோயமுத்தூர்ப் பக்கத்துக் கரிசல் மண் வேண்டாம், காய்ஞ்சா பாளம் பாளமா வெடிக்கும். பருத்தி, மக்காச்சோளக் காட்டு மண்ணும் வேண்டாம், களைக்கொல்லியும் பூச்சி மருந்தும் எவ்வளவு இறங்கியிருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? புத்து மண் நல்லா இறுகும்தான், ஆனா அதுக்காகப் புத்தைப் போய் இடிக்காதீங்க, கரையானோடு வீட்டு மரச்சாமானுக்கும் வினை வரும், ஊர்லயும் நாலு பேர் கேப்பாங்க.

சலிச்ச மண்ணுல தண்ணி தெளிச்சு, பெரிய பாத்திரத்துல மூடி போட்டு, நடு மண் 80 டிகிரிக்கு வந்ததுக்கு அப்புறம் 30 நிமிசம் வைங்க. ஆறினதும் மணலோட கலந்து, கொழுக்கட்டை மாவுப் பதத்துக்கு ஈரமாக்குங்க: பிடிச்சா உருண்டை நிக்கோணும், தண்ணி சொட்டக் கூடாது. ரெண்டு அடுக்கா போட்டு மரக்கட்டையில தட்டி இறுக்கி, லைட்டைப் போட்டு நாலஞ்சு நாள் காய விடுங்க. கட்டைவிரல்ல தேய்ச்சா பொடி உதிர்ந்தா மண் பத்தலை. அகலமா வெடிச்சா மணல் பத்தலை. பிளைவுட் அடிப்பலகைக்கும் ஓரத்துக்கும் முன்கூட்டியே எபாக்சி பூசி நல்லா காய விடோணும், இல்லைன்னா உப்பிப் போகும்.

கல்லு, கட்டை எல்லாம் மண்ணுக்கு மேல வைக்காம அடிப்பலகையில நேரா உக்கார வெச்சுட்டு அப்புறம் மண் போடுங்க. மேலே வெச்சா அடியில தோண்டிப் போகும், கல்லு சரிஞ்சு நசுக்கிடும்.

பல்லடத்து_ஒடக்கான்:

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. இப்போதைக்கு மேட் டைல்ஸ். லைட்டுக்குக் கீழே ஒரு கடப்பாக்கல் துண்டு வைக்கலாமுங்களா? கழுவ பினாயில் ஊத்தலாமா?

கால்நடை_கோவை:

பினாயில் கூடவே கூடாது. ஃபீனால் வகைக் கிருமிநாசினி ஊர்வனவுக்கு நஞ்சு. பைன் வாசம் அடிக்கிற தரை திரவமும் அப்படித்தான். முதலில் கழிவை எடுத்துவிட்டு சோப்புத் தண்ணீரில் தேயுங்கள். அழுக்கு மேலே ஊற்றினால் எந்த மருந்தும் வேலை செய்யாது. பிறகு திரவ பிளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு, 10 நிமிடம் விட்டு, வாடை போகும்வரை அலசி வெயிலில் காய வையுங்கள். பிளீச்சோடு வினிகர் சேர்த்தால் குளோரின் வாயு வரும், சேர்க்காதீர்கள். காக்சிடியாவின் முட்டைகளை பிளீச் கொல்லாது, அதற்கு நீராவியோ கொதிநீரோதான் வேண்டும். அந்தக் கிருமி வந்த கூண்டில் மண்தரை இருந்தால் மண்ணை மொத்தமாக வெளியேற்றிவிட வேண்டியதுதான். மனிதருக்கு வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமி எந்த ஊர்வனவிடமும் இருக்கலாம், டைல்ஸை சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம்.

கடப்பாக்கல் வைக்கலாம், பாலிஷ் போடாத சொரசொரப்பானது. ஒரு அடிக்கு ஒரு அடி, 20 மி.மீ. கனம், 5 கிலோ வரும். அது சுண்ணாம்புக்கல் என்பதால் வினிகரும் எலுமிச்சையும் பட்டால் அரிக்கும். கல் வைத்த பிறகு டெம்பரேச்சர் கன்னால் கல்லின் மேற்பரப்பை அளந்து பாருங்கள். 42ஐத் தாண்டினால் லைட்டை உயர்த்துங்கள். டைல்ஸுக்கு அடியில் ஹீட் பேட் வேண்டாம், வயிறு வெந்தாலும் உடனே விலகத் தெரியாது.

சாப்பாட்டைத் தரையில் தூவாமல் கீரைக்கு ஒரு தட்டு, புழுவுக்கு வழவழப்பான விளிம்புள்ள கிண்ணம்.

நொய்யல்கரை:

ஒண்ணு விட்டுப்போச்சு. துணி மேலே இருந்த குட்டி நூலை முழுங்கியிருக்க வாய்ப்பு உண்டு. ஒரு வாரம் கழிவைக் கவனிங்க. இந்த வயசுல பெரும்பாலும் தினமும் போகும். முக்குறது, வயிறு உப்பறது, பின்னங்கால் இழுக்கிறது தெரிஞ்சா எக்ஸ்ரே எடுக்கிற டாக்டர்கிட்ட அன்னைக்கே போங்க, ஊர்வன பாப்பாங்களான்னு முன்னாடியே போன்ல கேட்டுட்டு. மணல் எக்ஸ்ரேயில தெரியும், நூல் தெரியாது, அதனால துணி விவரத்தை நீங்களே சொல்லோணும். விளக்கெண்ணெய் ஊத்தாதீங்க, ஆசனவாயில நூல் தொங்கினாலும் இழுக்காதீங்க, குடலை அறுத்துடும்.

பல்லடத்து_ஒடக்கான்:

துணியை எடுத்துப் பேப்பர் விரிச்சாச்சுங்க. டைல்ஸ் 590க்கு வெட்டச் சொல்லியிருக்குது.