வீட்டில் கார்ட்ரிட்ஜ் ரீஃபில்: மை நிறைய இருந்தும் எழுத்து வராத கதை

ஆரணியிலிருந்து

வணக்கம். வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் இங்க்ஜெட் பிரிண்டரும் வைத்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். வருமானச் சான்று, டி.என்.பி.எஸ்.சி. ஹால் டிக்கெட், பள்ளிப் பிள்ளைகளின் புராஜெக்ட் பக்கங்கள், இவைதான் அதிகம் வரும். பக்கத்துக்கு ஐந்து ரூபாய். புதுக் கார்ட்ரிட்ஜ் ஐநூறைத் தாண்டும், நூற்றுச் சொச்சம் பக்கத்தில் தீர்ந்தும் போகும். தாளுக்கும் கரண்டுக்கும் கொடுத்தது போக என் கைக்கு என்ன வரும்? அதனால்தான் தீர்ந்த கார்ட்ரிட்ஜுக்கு நானே மை ஏற்றுவது என்று இறங்கினேன்.

என்னுடையது மையைத் தாளில் தெளிக்கும் தலையும் மை டப்பாவும் ஒன்றாகவே இருக்கும் வகை. மேலே ஒட்டியிருக்கும் லேபிளை நகத்தால் மெல்ல உரித்தால் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். அவற்றிலிருந்து எறும்புத் தடம் மாதிரி நெளிநெளியாகப் பள்ளம் ஓடும். உள்ளே மை தண்ணீர் போலக் குலுங்கிக்கொண்டு இருக்காது, பஞ்சில் ஊறித்தான் இருக்கும். மெடிக்கல் கடையில் 5 மில்லி சிரிஞ்ச் வாங்கி, நடு ஓட்டையில் ஊசியை இறக்கி 4 மில்லி கறுப்பு மை ஏற்றினேன். முதல் பக்கம் புதுக் கார்ட்ரிட்ஜ் போலவே வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அடுத்து செய்ததுதான் தப்பு. மை காய்ந்துவிடுமோ, ஒழுகிவிடுமோ என்று பயந்து எல்லா ஓட்டையையும் எம்சீல் வைத்து அடைத்துவிட்டேன். பத்துப் பக்கம் ஓடியது. பிறகு எழுத்து வெளுத்தது, வரிவரியாக விட்டுப்போனது, கடைசியில் வெறும் தாள். மை தீர்ந்துவிட்டது என்று நினைத்து எம்சீலைப் பெயர்த்து இன்னும் 3 மில்லி ஏற்றினேன். மறுநாள் காலையில் பிரிண்டருக்குள் குளம். அதே வேளையில் ஒரு அம்மா மகளின் கல்லூரி விண்ணப்பத்தை எடுக்க வந்திருந்தார். பக்கம் முழுக்கக் கறுப்புத் திட்டு. காசைத் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் அன்றுதான் கடைசித் தேதி. அந்தப் பெண் வேறு கடை தேடி ஓடியதை இன்னும் மறக்கவில்லை.

விடை கிடைத்தது அடுப்பங்கரையில். என் மாமியார் 15 கிலோ எண்ணெய் டின்னைத் திறக்கும்போது ஒரு மூலையில் ஓட்டை போட்டுவிட்டு, எதிர் மூலையிலும் ஆணியால் ஒன்று குத்தினார். "காத்து போக வழியில்லன்னா எண்ணெ எப்படிம்மா வரும்?" என்றார். நான் அப்படியே நின்றுவிட்டேன். கார்ட்ரிட்ஜிலும் அதே கணக்குதான். கீழே ஒரு துளி மை போனால் மேலே ஒரு துளி காற்று வரவேண்டும். எம்சீல் வைத்து அந்த வழியை அடைத்தது நான். அந்த நெளிந்த பள்ளம் காற்றை மெதுவாக உள்ளே விடவும், ஈரம் சீக்கிரம் பறந்துவிடாமல் பிடித்து வைக்கவும்தான் இருக்கிறது.

இப்போது செய்வது இது. நடு ஓட்டையை மட்டும் 3 மில்லிமீட்டருக்குக் கைத் துளைப்பானால் அகலப்படுத்துகிறேன். துளைக்கும்போது கார்ட்ரிட்ஜைக் கவிழ்த்துப் பிடித்து, கீழிருந்து மேலாகத் துளைக்க வேண்டும். அப்போதுதான் பிளாஸ்டிக் பிசிர் உள்ளே விழாது. மாட்டு ஊசி மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியைக் கழுவிக் காயவைத்து, மிளகு அளவுக்கு ஒரு துண்டு வெட்டி அந்த ஓட்டையில் அழுத்திவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் ஊசியை ரப்பர் வழியாகவே குத்தி ஏற்றலாம், எடுத்ததும் அது தானே மூடிக்கொள்ளும். மற்ற ஓட்டைகளையும் பள்ளத்தையும் தொடுவதே இல்லை. பழைய லேபிளை அதே இடத்தில் ஒட்டிவிடுவேன். இந்த ஒரு கார்ட்ரிட்ஜில் இதுவரை 11 முறை ஏற்றியாயிற்று.

கறுப்பு கைக்கு வந்துவிட்டது. கலர்தான் பிடிபடவில்லை. ஏற்றிய பிறகு மஞ்சள் பச்சையாக வருகிறது. யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.


மதுரையிலிருந்து

தங்கச்சி, எண்ணெய் டின் உவமை நூற்றுக்கு நூறு சரி. இருபது வருடமாகப் பிரிண்டர் சர்வீஸ் செய்கிறேன், கடைப் பையன்களுக்கு இனி அதைச் சொல்லித்தான் விளக்கப் போகிறேன்.

மஞ்சள் பச்சையாகிறது என்றால் நீலம் உள்ளே கலந்துவிட்டது. மூவண்ணக் கார்ட்ரிட்ஜில் நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள் என்று மூன்று அறை, நடுவே மெல்லிய சுவர். மேலே தெரியும் ஓட்டை எந்த அறைக்குப் போகிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். படத்தைப் பார்த்தோ பழைய ஞாபகத்திலோ ஏற்றக் கூடாது. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு புதுப் பல்குச்சியை விட்டு, நுனியில் என்ன நிறம் ஒட்டுகிறது என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். நிறத்துக்கு ஒரு சிரிஞ்ச், அதில் பெயர் எழுதிய பிளாஸ்திரி. ஒரு அறைக்கு 2 மில்லி போதும். ஓட்டை வாயில் மை பளபளத்தால் அரை மில்லி திரும்ப உறிஞ்சிவிட வேண்டும், இல்லாவிட்டால் சுவர் தாண்டிப் பக்கத்து அறைக்குப் போய்விடும். பெரும்பாலும் நிறம் கலப்பது இங்கேதான்.

இன்னொன்று, அவசரம் கூடாது. ஊசியைப் பஞ்சின் அடிப்பக்கம் வரை இறக்கி, அடியில் இருக்கும் வலையைக் குத்தாமல், சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரே அழுத்தாக அழுத்தினால் பஞ்சுக்குள் காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்ளும். பஞ்சு நிறைந்து இருக்கும், எழுத்து மட்டும் வராது.

கலந்துபோனதைத் திருத்தலாம். டிஷ்யூ தாளை நாலாக மடித்து, மை வெளியே வரும் நுண்துளைகளான நாசில் இருக்கும் பக்கத்தை அதன்மேல் வைத்து எடுங்கள். மூன்று கோடு தனித்தனி நிறமாக விழும் வரை பொறுமையாக ஒற்றிக்கொண்டே இருங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்தால் பக்கத்து நிறத்தை நீங்களே இழுத்துவிடுவீர்கள். காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நாசில் மட்டும் நனையும்படி இரண்டு நிமிடம் வையுங்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், எங்கள் பக்கத்துத் தண்ணீரில் இருக்கும் உப்பு நாசிலிலேயே படிந்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்கள். ஆசிட் கலந்ததை வாங்கிவிடக் கூடாது, லேபிளைப் படித்து வாங்குங்கள்.

இதையெல்லாம்விட நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது, வெறும் தாள் வரும் வரை ஓட்டாதீர்கள். எச்.பி., கேனான் கார்ட்ரிட்ஜில் துளியைத் தள்ளுவது சூடு. நாசிலுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஹீட்டர் இருக்கிறது. அது ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் 300 டிகிரி செல்சியஸைத் தொடும். மை குமிழாகும், அந்தக் குமிழ் துளியைத் தள்ளும். 1977-இல் கேனான் ஆய்வாளர் இச்சிரோ எண்டோ சூடான சால்டரிங் அயர்ன் ஒன்று மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் பட்டு, நுனியிலிருந்து மை பீறிட்டதைப் பார்த்தார். அங்கிருந்து பிறந்ததுதான் இந்த முறை. நாம் ரீஃபிலுக்கு எடுக்கும் அதே சிரிஞ்ச்தான் என்று எனக்கு அதில் ஒரு தனிப் பிரியம். அந்த ஹீட்டரைக் குளிர வைப்பதும் மைதான். மை இல்லாமல் சுட்டால் ஹீட்டர் கருகும், அப்புறம் எத்தனை மில்லி ஏற்றினாலும் பிழைக்காது. எழுத்து லேசாக வெளுத்த உடனே நிறுத்தி ஏற்றுங்கள். உங்கள் கார்ட்ரிட்ஜ் 11 முறை தாங்கியிருப்பதற்கு நீங்கள் சரியான நேரத்தில் ஏற்றுவதும் காரணமாக இருக்கும்.

எப்சனில் தலை பிரிண்டரோடு நிலையாக இருக்கும், சூடு கிடையாது, மின்சாரம் பட்டால் வளையும் பீசோ படிகம்தான் துளியைத் தள்ளும். அங்கே அடைப்பு வந்தால் கார்ட்ரிட்ஜ் மாற்றித் தப்பிக்க முடியாது. மட்டமான மை ஊற்றி ஆரம்பிக்க வேண்டாம்.


நாகர்கோவிலிலிருந்து

அக்கா, நான் காலேஜ் ஹாஸ்டல்ல இதைச் செஞ்சேன். ரெண்டு விஷயம் மட்டும் சொல்றேன்.

ஏத்தின பிறகும் 'மை இல்லை'ன்னு காட்டும். அது உள்ள எவ்வளவு இருக்குன்னு பாத்துச் சொல்றது இல்ல, எத்தனை துளி விட்டோம்னு எண்ணி வச்சுச் சொல்றது. பயப்பட வேண்டாம். கேனான்ல ஸ்டாப் பட்டனை 5 செகண்ட் அழுத்திப் பிடிச்சா அந்த எச்சரிக்கை விட்டுக்கொடுக்கும். அதுக்கப்புறம் மை அளவு காட்டாது, நாமதான் பக்கக் கணக்கு வச்சுக்கணும். நான் மூடியிலயே பென்சில்ல எழுதி வைப்பேன்.

ரெண்டாவது, மைல ரெண்டு ஜாதி இருக்கு. கறுப்பு பெரும்பாலும் பிக்மென்ட், பொடி மிதக்கிற மை. கலர் டை, கரைஞ்ச மை. எனக்கு அது தெரியாது. கறுப்பு கறுப்புதானேன்னு கடையில கொடுத்த டை மைய கறுப்பு கார்ட்ரிட்ஜ்ல ஏத்திட்டேன். நல்லாதான் வந்துச்சு. ஒரு நண்பனுக்கு ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். பரீட்சை அன்னைக்கு எங்க ஊர் மழை. சென்டர் வாசல்ல போய் நிக்கிறப்ப ரோல் நம்பர் கரைஞ்சு ஊதாவா ஓடியிருந்துச்சு. கண்காணிப்பாளர் நல்லவர், லிஸ்ட்ல பாத்து உள்ள விட்டார். இல்லன்னா அவனுக்கு ஒரு வருஷம் போயிருக்கும். நீங்க மத்தவங்களுக்கு எடுத்துக் கொடுக்கிறவங்க, கறுப்புக்கு பிக்மென்ட்னு கேட்டு வாங்குங்க. டை போட்ட இடத்துல பிக்மென்ட் ஏத்தினாலும் அடைச்சுக்கும். ரெண்டையும் கலக்கவே கலக்காதீங்க.


திருப்பூரிலிருந்து

நான் இன்னும் ஒரு படி போனவன். பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் மாதிரி அடித்துக் கொடுப்பதால் தினமும் கலர் ஓடும். சிரிஞ்ச் கட்டுப்படியாகவில்லை. கார்ட்ரிட்ஜ் மூடியில் துளையிட்டு, மெல்லிய டியூப் செருகி, வெளியே நான்கு டப்பா வைத்தேன். இந்த வேலைக்குச் சாமான் எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்தேன்.

முதல் வாரம் ராஜா மாதிரி ஓடியது. டப்பாக்கள் மேசையில் இடத்தை அடைக்கிறதே என்று ஒரு நாள் சாயங்காலம் அவற்றை மேல் அலமாரியில் ஏற்றி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் நான்கு டப்பாவும் காலி. பெட்ரோல் டேங்கில் டியூப் விட்டு உறிஞ்சிக் கீழே விட்டால் தானாக இறங்குமே, அந்த மாதிரி ராத்திரி முழுக்க மை நாசில் வழியாக இறங்கியிருக்கிறது. பிரிண்டரின் சர்க்யூட் பலகையே கெட்டது. டப்பா பிரிண்டர் நிற்கும் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். உயர்த்தினால் வெள்ளம், ரொம்பத் தாழ்த்தினால் பஞ்சம். டியூப்பில் ஒரு விரற்கடை அளவு காற்று நின்றாலும் சிரிஞ்ச் வைத்து இழுத்து எடுத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

இப்படி உலகமெங்கும் ஆட்கள் டப்பா கட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் எப்சன் 2010-இல் இந்தோனேசியாவில் மை டேங்க்கோடு கம்பெனியிலிருந்தே வரும் பிரிண்டரை முதன்முதலாக இறக்கியது. 2015-இல் கேனானும் அடுத்த வருடம் எச்.பி.யும் வந்தன. நம்மைப் போல டியூப் கட்டியவர்கள் கேட்டது நியாயம்தான் என்பதற்கு எனக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பெரிய வேலை இருப்பவர்கள் இன்று அதையே வாங்கலாம், நானும் மாறிவிட்டேன். சகோதரி போல நாளைக்கு இருபது முப்பது பக்கம் என்றால் ரப்பர் மூடியும் சிரிஞ்சும் தாராளமாகப் போதும்.

பழைய பிரிண்டரை ரீஃபில் செய்து ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பிரிண்டரே தலையைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கை ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் மை அடியில் இருக்கும் கழிவுப் பஞ்சுக்குத்தான் போகிறது. எழுத்து வரவில்லை என்று பத்து முறை கிளீனிங் அழுத்தினால் ஏற்றிய மையில் பெரும்பகுதி அங்கே போய்விடும், பஞ்சும் நிறைந்துவிடும். இரண்டு முறைக்கு மேல் அழுத்த வேண்டாம். வெளியே எடுத்து டிஷ்யூவில் ஒற்றிப் பாருங்கள்.


ஆரணியிலிருந்து, மறுபடி

எல்லோருக்கும் நன்றி. மதுரை அண்ணன் சொன்னபடி பல்குச்சி வைத்துப் பார்த்தேன். நான் நீலம் என்று நினைத்து ஏற்றிய ஓட்டை மஞ்சளுக்குப் போகிறது. அரை மணி நேரம் டிஷ்யூவில் ஒற்றினேன். முதலில் மூன்றும் சேறு மாதிரி வந்தது, ஏழெட்டுத் தாள் போனதும் நீலமும் கருஞ்சிவப்பும் பிரிந்தன, மஞ்சள் மட்டும் பிடிவாதமாகப் பச்சையாகவே நின்றது. அந்த அறையிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, புது மஞ்சள் 2 மில்லி ஏற்றி, ராத்திரி முழுக்க நாசில்மேல் ஈர டிஷ்யூ வைத்து ஒரு டப்பாவில் மூடி வைத்தேன். காலையில் மூன்று கோடும் தெளிவு.

தம்பி சொன்ன பிறகு கறுப்பு மை பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். எந்த வகை என்றே அதில் போடவில்லை. ஒரு பக்கம் எடுத்து, காய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஊதாவாகக் கரைந்து ஓடியது. இத்தனை நாளாக எத்தனை பேருக்கு அதில் ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்! பாட்டிலை ஓரம் கட்டிவிட்டேன். பிக்மென்ட் வரும் வரை சான்றிதழ், ஹால் டிக்கெட் கேட்டு வருபவர்களைப் பக்கத்து லேசர் கடைக்கு அனுப்புகிறேன். புதுக் கார்ட்ரிட்ஜ் ஒன்று வாங்கி, அதில் முதல் நாளிலிருந்தே பிக்மென்ட் மட்டும் ஏற்றப் போகிறேன்.