கிளியருக்கு அடியில வெள்ளைக் கோடு ஊர்ந்துட்டே போகுது, அவசரம்

கரிவிரல்:
வணக்கம். சைக்கிளோட அலுமினிய ஃப்ரேம். பழைய பெயின்டை முழுசா எடுத்துட்டு, வெறும் உலோகம் தெரியுற மாதிரி தேய்ச்சு மேல கிளியர் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) அடிச்சேன். ரெண்டு மாசம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. இப்போ கிளியருக்கு அடியில வெள்ளையா, மெல்லிசா கோடு கோடா வருது. போன வாரம் பார்த்ததைவிட இப்போ நீளம். விரலால தடவினா மேல வழவழன்னுதான் இருக்கு, எல்லாம் உள்ளதான். மேலயே இன்னொரு கோட் அடிச்சா நின்னுடுமா? நாளைக்கு லீவு, காலையிலயே டப்பா வாங்கிடலாம்னு இருக்கேன். சீக்கிரம் சொல்லுங்க.

மூணாவதுகியர்:
இன்னொரு கோட் மட்டும் அடிச்சிடாதீங்க. என்ன கிளியர்? சாதா ஸ்ப்ரே டப்பாவா, ஹார்டனர் (பூச்சை இறுக வைக்கிற திரவம்) கலக்குறதா? அடியில ஏதாவது போட்டீங்களா? பெயின்டை எதால எடுத்தீங்க? கோடு எந்த இடத்துல ஆரம்பிக்குது? படம் போடுங்க.

பெடல்பித்தன்:
வெல்டிங் பக்கத்துலயா? அப்படின்னா விரிசல். ஓட்டாதீங்க!! அலுமினியம் சொல்லிட்டு உடையாது.

உப்புத்தாள்:
விரிசல் எல்லாம் இல்ல. மழை நாள்ல கிளியர் அடிச்சிருப்பீங்க, காத்துல இருந்த ஈரம் உள்ள மாட்டிக்கிச்சு. எனக்கும் வெள்ளையா பூத்துச்சு. வெயில்ல வச்சா சரியாகிடும்.

மூணாவதுகியர்:
அது அடிச்ச அன்னிக்கே பால் மாதிரி வெளுக்கும், ப்ரோ. ரெண்டு மாசம் கழிச்சுக் கோடா வராது.

பழையசெயின்:
வாராவாரம் ஒருத்தர் வந்து "பளபளன்னு வேணும்"னு ஃப்ரேமை உரிக்கிறது, அப்புறம் "அவசரம்"னு இழை போடுறது. இதே விஷயத்தை இங்க நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கேன். தேடுறதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகுமா? பெயின்டுங்கிறது அழகுக்கு மட்டும்னு நினைக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்ல.

உப்புத்தாள்:
அப்போ பதிலைச் சொல்லிட்டுத் திட்டுங்களேன் சார்.

வேர்வைத்துளி:
ஒரே கேள்வி. சைக்கிளை வீட்டுக்குள்ள ட்ரெய்னர்ல (நின்ன இடத்துலயே மிதிக்கிற ஸ்டாண்ட்) மாட்டி மிதிக்கிறீங்களா?

பெடல்பித்தன்:
ஹாஹா, வந்துட்டார். செயின் அறுந்தாலும் வேர்வை, டயர் வெடிச்சாலும் வேர்வை.

கரிவிரல்:
சாரி, ஆபீஸ்ல இருந்தேன். பெயின்ட் ரிமூவர் ஜெல் போட்டுத்தான் எடுத்தேன். அப்புறம் 240, 400, 800, 1500னு உப்புத்தாள், தண்ணி விட்டு. பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு இருக்குற இடம்) பக்கம், வெல்டிங் இடுக்கு, கேபிள் ஸ்டாப் (கேபிள் உறை முட்டி நிக்கிற சின்னத் துண்டு) சுத்தி எல்லாம் தாள் போகல, அங்க மட்டும் இரும்புக் கம்பி நார். பெட்ரோல் துணியால துடைச்சிட்டு அன்னிக்கே ஸ்ப்ரே டப்பா கிளியர். பிரைமர் போடல, போட்டா உலோகமே மறைஞ்சிடுமே. மழையில ஒரு நாள்கூட நனையல, ரோட்டுக்கே போகல. ஆமா, ட்ரெய்னர்லதான் ஓட்டுறேன். அதுக்கும் இதுக்கும் என்ன?

வேர்வைத்துளி:
😌

மூணாவதுகியர்:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே நண்பா. கோடு ஆரம்பிக்குற இடத்தை டார்ச் அடிச்சுப் பாருங்க. பழுப்பா புள்ளி ஏதாவது தெரியுதா? ஒரு கோடு இன்னொரு கோட்டைக் குறுக்கே வெட்டுதா?

கரிவிரல்:
பார்த்தேன். டாப் டியூப்ல (ஃப்ரேமோட மேல் குழாய்) கேபிள் ஸ்டாப் ரிவெட்டைச் சுத்திதான் நிறைய. ரிவெட் ஓரத்துல கிளியர் நகம் அளவு பெயர்ந்திருக்கு, அங்கிருந்து மண்புழு ஊர்ந்த தடம் மாதிரி பத்துப் பன்னிரண்டு கோடு கிளம்புது. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். வெட்டல, கிட்ட வந்ததும் வளைஞ்சு ஒதுங்கிப் போகுது, அதான் பார்க்கவே அருவருப்பா இருக்கு. ஆமா, ரெண்டு மூணு இடத்துல குண்டூசி முனை அளவு பழுப்புப் புள்ளி இருக்கு. அது துரு மாதிரி. அலுமினியம் துருப்பிடிக்குமா?

மூணாவதுகியர்:
அலுமினியம் அப்படிப் பழுப்பா துருப்பிடிக்காது. அது உங்க கம்பி நாரோட இரும்பு. தேய்க்கும்போது துணுக்கு உடைஞ்சு அலுமினியத்துக்குள்ள பதிஞ்சிடும், துடைச்சாலும் வராது. இனிமே அலுமினியத்துல இரும்பு நாரும் வேண்டாம், இரும்பு பிரஷும் வேண்டாம். நைலான் நார் போதும்.

கோடு வேற விஷயம். பேரு ஃபிலிஃபார்ம் அரிப்பு. பெயின்ட் படலத்துக்கு அடியில மட்டும்தான் வரும். கிளியர்ல ஒரு பொத்தல், கொஞ்சம் உப்பு, காத்துல ஈரம், இந்த மூணு போதும், மழையே வேண்டாம். கோட்டோட முனையிலதான் அரிப்பு நடக்கும். அங்க பிராணவாயு குறைவு, அமிலம் கூட. பின்னாடி விட்டுட்டுப் போறதுதான் நீங்க பார்க்குற வெள்ளைப் பொடி. அந்த வால் வழியா காத்து வந்துட்டே இருக்கும், தலை முன்னாடி போய்ட்டே இருக்கும். மேல கிளியர் அடிச்சா கோட்டுக்குப் புதுக் கூரை போட்ட மாதிரிதான்.

உப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா, வேர்வைத்துளி சொன்னதுதான். ட்ரெய்னர்ல எதிர்க்காத்து கிடையாது, மூக்கு நுனியிலேருந்து சொட்டுறது நேரா டாப் டியூப்லதான் விழும். ரிவெட் ஓரத்துல தேங்கும், காயும், மறுபடி நனையும். ரிவெட் ஸ்டீலா இருந்தா இன்னும் மோசம், ரெண்டு உலோகமும் உப்புத்தண்ணியும் சேர்ந்தா அலுமினியம்தான் அடி வாங்கும்.

பெடல்பித்தன்:
சரி, வேர்வைக்கு ஒரு பாயின்ட். ஆனா வெல்டிங் ஓரத்தை ஒரு தடவை பார்த்திடுங்க. விரிசல்னா கருப்பா, வெல்டிங் விளிம்பை ஒட்டியே போகும், பெயின்டை உரிச்சாலும் அங்கேயே இருக்கும். இவருது அது இல்லன்னு எனக்கும் தோணுது. பார்த்தா ஒண்ணும் குறைஞ்சிடாது.

கரிவிரல்:
அப்போ இனி என்ன பண்ணணும்?

பழையசெயின்:
பவுடர் கோட்டிங்குக்குக் (பெயின்ட் பொடியைத் தூவிச் சூட்டுல உருக்கி ஒட்ட வைக்கிறது) குடுங்க. வேலை தெரிஞ்சவன் செய்யட்டும்.

உப்புத்தாள்:
அடுப்புல 200 டிகிரி வரைக்கும் வைப்பாங்க சார், ஃப்ரேமோட ஹீட் ட்ரீட்மென்ட் போயிடும். டி6 (வலு ஏத்தின பதம்) எல்லாம் ஓ பதம் (வலு போன மென்மை) ஆகிடும்.

பழையசெயின்:
ஐயா, கம்பெனியிலயே ஹீட் ட்ரீட்மென்ட் முடிச்சிட்டுத்தானே பவுடர் அடிக்கிறான்? எந்த ஃப்ரேம் ஓ பதம் ஆச்சு?

உப்புத்தாள்:
கம்பெனி ஒரு தடவை அடிக்கும். இது ரெண்டாவது தடவை.

மூணாவதுகியர்:
ரெண்டு பேரும் நேரத்தைக் கணக்குல எடுக்கல. ஃப்ரேம் 6061ங்கிற அலுமினியக் கலவைன்னா, கடைசியில 175 டிகிரி பக்கம் எட்டு மணி நேரம்போல வச்சுத்தான் அந்த வலுவையே ஏத்துறாங்க. பவுடர் 180, 200ல பத்து இருபது நிமிஷம். அதுக்குள்ள பெருசா ஒண்ணும் போகாது. ஓ பதம் ஆகணும்னா 400 டிகிரிக்கு மேல மணிக்கணக்கா வேகணும். 7005 இன்னும் குறைஞ்ச சூட்டுல பதப்படுத்துற கலவை, அதுக்குக் கொஞ்சம் ஜாக்கிரதை வேணும், அவ்ளோதான். உண்மையா பயப்பட வேண்டியது ஹீட் கன்னுக்கு (சூடான காத்து அடிக்கிற மெஷின்). அதோட வாய்ல 500 டிகிரிக்கு மேல வரும், பெயின்ட் சுருளட்டும்னு ஒரே இடத்துல பிடிச்சுட்டு நிக்கிறாங்க.

உப்புத்தாள்:
நான் ஹீட் கன்லதான் எடுத்தேன், எனக்கு ஒண்ணும் ஆகல.

பழையசெயின்:
இன்னும் ஆகல.

உப்புத்தாள்:
உங்க வாய்ல நல்ல வார்த்தையே வராதா சார்?

மூணாவதுகியர்:
(சண்டையை வேற இழையில வச்சுக்கோங்க, அவர் காத்திருக்கார்.)

கரிவிரல், கிளியர் முழுக்க எடுத்துடுங்க, கோடு இருக்குற இடம் மட்டும்னு ஒட்டுப்போடாதீங்க. அதே ஜெல் போதும். ஃபோர்க் கார்பனா இருந்தா கழட்டித் தூரமா வச்சிடுங்க, ஜெல் கார்பனோட ரெசினைத் தின்னுடும். அடைப்பு எடுக்குற காஸ்டிக் சோடா பக்கம் போகவே போகாதீங்க, அது பெயின்டோட அலுமினியத்தையும் கரைச்சு ஹைட்ரஜன் கக்கும். கோடு இருந்த இடத்துல மெல்லிசா பள்ளம் தெரியும், 400 தாள்ல அது மறையுற வரைக்கும் தேய்ங்க. இரும்புத் துணுக்குக்கு பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த அலுமினியம் கிளீனர், கையுறையோட. நல்லா அலசிக் காய வைங்க. அடியில அடிச்சிருக்குற சீரியல் நம்பரைத் தேய்ச்சு அழிச்சிடாதீங்க, பின்னாடி விக்கவே முடியாது.

அப்புறம் ரெண்டு வழி. கிளியர்தான் வேணும்னா, வெறும் அலுமினியத்து மேல ஸ்ப்ரே டப்பா பிடிக்காது. முதல்ல கன்வர்ஷன் கோட்டிங் பண்ணணும், அதாவது பூச்சு பிடிக்குற மாதிரி உலோகத்து மேற்பரப்பையே ரசாயனத்தால மாத்துறது (குரோமேட்னா லேசா மஞ்சள் ஓடும்), அது மேல ஹார்டனர் கலந்த கிளியர். இல்லன்னா கிளியரே வேண்டாம். என் ஃப்ரேம் அப்படித்தான் இருக்கு. அலுமினியம் தன் மேல தானே ஒரு ஆக்சைடு தோலைப் போட்டுக்கும், ஓட்டை விழுந்த கிளியரைவிட அது மேல். மங்கினா பாலிஷ் போட்டு மெழுகு தேய்ச்சுக்கலாம். பாலிஷ் போடும்போது துணி கருப்பாகும், அது எப்பவும் ஆகும். கருப்பு நிக்கட்டும்னு தேய்ச்சா ஃப்ரேம்தான் தீரும்.

தேங்காய்நார்:
அனோடைஸ் (அமிலத் தொட்டியில மின்சாரம் விட்டு அந்த ஆக்சைடு தோலைத் தடிமனாக்குறது) பண்ணக்கூடாதா? அதான் நிரந்தரம்.

மூணாவதுகியர்:
பண்ணலாம். ஸ்டீல் ரிவெட், ஹெட்செட் கப் (ஹேண்டில் பேரிங் உக்கார்ற கிண்ணம்), எல்லாம் கழட்டணும், தொட்டியில ஸ்டீல் இருந்தா கரையும். வெல்டிங் கம்பி 4043ஆ இருந்தா அதுல சிலிக்கான் அதிகம், வெல்டிங் மட்டும் கருஞ்சாம்பலா தெரியும். இவர் ஃப்ரேம்ல எந்தக் கம்பின்னு யாருக்குத் தெரியும்.

பழையசெயின்:
கடைசியில நான் சொன்ன மாதிரி பெயின்ட்தான் நல்லதுன்னு வந்து நிக்குது.

உப்புத்தாள்:
யாரும் அப்படிச் சொல்லல சார்.

(மூணு வாரம் கழிச்சு)

கரிவிரல்:
கிளியர் எடுத்தாச்சு. ரிவெட்டை நோண்டினா அடியில வெள்ளைப் பொடி ஒரு சிட்டிகை தேறும். வெல்டிங்ல விரிசல் இல்ல. இப்போ வெறும் அலுமினியம், மெழுகு மட்டும். டாப் டியூப் மேல ஒரு துண்டு போட்டுத்தான் மிதிக்கிறேன். நன்றி எல்லாருக்கும்.

தேங்காய்நார்:
என்ன மெழுகு போட்டீங்க? காருக்குப் போடுறதா? எத்தனை நாளைக்கு ஒரு தடவை?

தேங்காய்நார்:
?