ஏரிக்கரைக் கீரையும் சிறு அளவு நஞ்சும்

அல்சூர்வாசி:
பெங்களூரில் ஏரிக்கழிவுநீர் பாய்ச்சி வளர்க்கும் கீரையில் ஈயமும் காட்மியமும் ஆகிய நச்சு உலோகங்கள் கலந்திருக்கின்றன என்று இங்கே பலர் அஞ்சுகிறார்கள். எவ்வளவு என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. கிருமிநாசினியை மிகக் குறைந்த அளவில் சேர்த்தால் ஈஸ்ட் மடியாமல் முன்னிலும் வேகமாக நொதிக்கிறது என்பதை 1888-இல் ஜெர்மானியரான ஹியூகோ ஷுல்ஸ் எழுதினார். சிடார் மரச்சாற்றைக் கொண்டு பூஞ்சைகளில் இதையே கண்ட ஆய்வாளர்கள் சௌத்தமும் எர்லிச்சும் 1943-இல் அதற்கு ஹார்மெசிஸ் என்று பெயரிட்டார்கள். லேசான தாக்குதலுக்கு உள்ளாகும் செல், பழுது நீக்கும் புரதங்களைத் தேவைக்குச் சற்றுக் கூடுதலாகவே உருவாக்கிவிடுகிறது. அந்த மிச்சம்தான் நன்மையாக வெளிப்படுகிறது. அப்படியிருக்க, கீரைக்கட்டைக் கண்டு நடுங்குவானேன்?

வேதியியல் ஆசிரியை, மல்லேஸ்வரம்:
ஐயா, ஈஸ்ட்டைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. ஈயத்துக்கு அது பொருந்தாது. ஏழு ஆய்வுக்குழுக்களைச் சேர்ந்த 1,333 குழந்தைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2005-இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஈயம் 2.4 மைக்ரோகிராமிலிருந்து 10-க்கு உயர்ந்தபோது நுண்ணறிவு ஈவு (ஐ.கியூ.) 3.9 புள்ளி சரிந்தது. 10-லிருந்து 20-க்கு உயர்ந்தபோது 1.9, 20-லிருந்து 30-க்கு உயர்ந்தபோது 1.1 மட்டுமே. அதாவது, நன்மை தெரியவேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கும் அந்தக் கீழ்முனையில்தான் ஒவ்வொரு மைக்ரோகிராமும் மிக அதிகமாகச் சேதம் செய்கிறது. குழந்தைகளுக்கான கவனிப்பு வரம்பை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 10-லிருந்து 5-க்கும், 2021-இல் 3.5-க்கும் இறக்கியது காரணமில்லாமல் அல்ல.

ஒயிட்ஃபீல்டு பொறியாளர்:
கேரளத்தின் கருநாகப்பள்ளியைக் குறிப்பிடாமல் இந்த விவாதம் முழுமை பெறாது. தோரியம் கலந்த மோனசைட் மணலால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். ஆனால் 2009-இல் வெளியான நீண்டகால ஆய்வு, அங்கு வாழ்வோரிடையே புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை.

வேதியியல் ஆசிரியை, மல்லேஸ்வரம்:
புற்றுநோய் கூடவில்லை என்பதும் கதிர்வீச்சு நன்மை செய்தது என்பதும் ஒன்றல்லவே!

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், ஒசூர் சாலை:
நெல் வயலில் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஹார்மெசிஸ் உண்மைதான், அதன் பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதே என் கேள்வி. நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியை ஒழிக்க டெல்டாமெத்ரின் என்ற பூச்சிமருந்தைத் தெளித்த வயல்களில் அந்தப் பூச்சி முன்னைவிடப் பெருகியது ஏன் என்று பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்தது. அதன் இயற்கை எதிரிகளான சிலந்திகள் மடிந்தது ஒரு காரணம். மற்றொன்று, கொல்லப் போதாத அளவில் மருந்து பட்ட பெண் பூச்சிகள் கூடுதல் முட்டையிட்டதாகும். கம்பெனி முகவர் கொடுத்த மருந்தில் தண்ணீரைக் கூட்டித் தெளித்துச் சிக்கனம் செய்ததாக நினைத்தவர்கள், அறியாமலே புகையானுக்கு ஊட்டம் கொடுத்தார்கள். களைக்கொல்லியான கிளைபோசேட்டும் அப்படித்தான்: மிகக் குறைந்த அளவில் அது சில செடிகளின் வளர்ச்சியைத் தூண்டுகிறது, களையும் அவற்றுள் அடங்கும். தூண்டுதலை நன்மை என்று பெயர் மாற்றும் முன், தூண்டப்படுவது எது என்று பார்க்கவேண்டும் அல்லவா?

அல்சூர்வாசி:
பூச்சியைத் தூண்டும் அளவு என ஒன்று இருப்பதை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். செலினியம் உடலுக்குத் தேவையானது, மிகுந்தால் நஞ்சு. ஆகையால் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே எடைபோடவேண்டுமே தவிர, எல்லாவற்றுக்கும் பூஜ்ஜியமே பாதுகாப்பு என்று அரசு விதி வகுப்பது வீண்செலவு.

வேதியியல் ஆசிரியை, மல்லேஸ்வரம்:
தனித்தனியே எடைபோடுவதில் எனக்கு மறுப்பில்லை. செலினியத்துக்கு உடலில் வேலை உண்டு, ஈயத்துக்கு எந்த வேலையும் இல்லை. ஆய்வகத்து ஈஸ்ட்டுக்கு அளவை நிர்ணயித்தது ஷுல்ஸ். கீரை வாங்குபவருக்கு அதை நிர்ணயிப்பவர் யார்? அதே வீட்டுக் குழந்தைக்குப் பழைய சுவர்ப் பெயின்டிலிருந்தும் சாலைத் தூசியிலிருந்தும் ஈயம் சேரும்போது, நீங்கள் சிறு அளவு என்று கருதுவது எந்தக் கணக்கில் வருகிறது? வேர்வழி ஏறிய காட்மியம் எத்தனை முறை அலசினாலும் போகாது என்பதால், கீரையை மாதிரி எடுத்துச் சோதிக்கக் கேட்கும் மனுவில் நான் கையெழுத்திட்டிருக்கிறேன்.